கம்பைலர் துடைத்த விளக்கம்

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீங்கள், அக்கா, குழந்தைகள் எல்லோரும் நலம் என்று நானே முடிவுசெய்துகொண்டு விஷயத்துக்கு வருகிறேன். என் வேலை தப்பித்தது! சிபாரிசு செய்த உங்கள் மானமும் கூடவே தப்பித்தது.

எங்கள் ஆபீஸில் புரோகிராமர்கள் எழுதுவதை, கம்பைலர் என்ற மென்பொருள் கணினிக்குப் புரிகிற பாஷைக்கு மாற்றும். மாற்றும்போதே, எந்தக் கோப்பு எந்தக் கோப்பை நம்பி இருக்கிறது என்று குறித்து, சின்னச் சின்னக் கோப்புகளையும் எழுதிப் போடும். பில்ட் டூல் என்ற இன்னொரு மென்பொருள் அவற்றைப் படித்துத்தான் எதைத் திரும்பச் செய்வது, எதைத் தொடாமல் விடுவது என்று தீர்மானிக்கும். அந்தச் சின்னக் கோப்புகளுக்கு விளக்கம் எழுதுவது என் வேலை. இந்த வாரம் முடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று மேலாளர் அம்மா சொல்லிவிட்டார். விளக்கத்தை வேறெங்கோ வைத்தால் யார் தேடப்போகிறார்கள் என்று நானும் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து அதன் தலையிலேயே, "அன்பார்ந்த வாசகரே" என்று தொடங்கி அழகாக எழுதினேன், கழுத்து பிடித்துக்கொண்டது, கண் பூத்துப்போனது, முடித்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன், அதற்குள் எவரோ கம்பைல் கொடுத்துவிட்டார், வந்து பார்த்தால் ஒரு எழுத்துகூட இல்லை, அத்தனையும் விழலுக்கு இறைத்த நீர்.

கம்பைலரைக் கவனிக்கும் இன்ஜினியருக்கு நாங்கள் வைத்த பெயர் 'உம்'. அதற்குமேல் பேசமாட்டார். அன்று பேசினார்.

"அந்த ஃபைல கம்பைலர் ஒவ்வொரு தடவையும் புதுசா எழுதும் சார். அதுல போய் எழுதினா எப்படி நிக்கும்?"

"அப்ப நான் எழுதினது?"

"போச்சு."

அழுகையே வந்துவிட்டது அத்தான். என் முகத்தைப் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லை.

"சரி விடுங்க. திரும்ப எழுதிக் குடுங்க, கம்பைலருக்குள்ளயே வெச்சிடறேன். அதுவே ஒவ்வொரு தடவையும் எழுதிக்கட்டும்."

அப்படியே நடந்தது. இனி யார் கம்பைல் செய்தாலும் எல்லாக் கோப்பின் தலையிலும் என் விளக்கம்! மேலாளர் அம்மா பார்த்துவிட்டு, "பரவாயில்லயே, நீங்க நிரந்தரம்" என்று வயிற்றில் பால் வார்த்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

அக்காவுக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
நிம்மதியாகத் தூங்கப்போகும்
உங்கள் மைத்துனன்

பி.கு.: வேலை நிரந்தரமானதை அக்காவிடம் இப்போதைக்குச் சொல்லிவிடாதீர்கள். பில்ட் டூல் கோப்பை முதல் வரியிலிருந்து படிக்குமாம். அங்கே இருப்பதெல்லாம் கோப்பின் பெயர் என்றே நினைக்குமாம். ஆபீஸ் மொத்தமும் நின்றுபோய், எல்லாத் திரையிலும் 'அன்பார்ந்த வாசகரே என்ற கோப்பைக் காணவில்லை' என்று நிற்கிறது. 'உம்' மறுபடியும் பேச ஆரம்பித்துவிட்டார். இந்தத் தடவை பேச்சு நன்றாக இல்லை.