வால் போன எழுத்து

என் தங்கையின் நிச்சயதார்த்தத்தை நிறுத்தியவன் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிற்பாடு கல்யாணம் நடந்தது, இரண்டு வீட்டாரும் பேசிக்கொள்கிறார்கள், என்னைச் சாப்பிடக்கூடக் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. கொலை செய்தவனிடம்கூடச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருக்கும். என்னிடம் இருந்தது பதினான்கு நிமிட வீடியோ.

ஆரணியில் எனக்கு வேலை, பட்டுப் புடவைக்கு டிசைன் போடுவது. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பூவும் மயிலும் வரைந்து, அதன்படி ஜக்கார்டு அட்டையில் ஓட்டை குத்திக் கொடுப்பேன். அந்த அட்டைகளை வரிசையாக நூலில் கோத்துத் தறியின் மேலே தொங்கவிடுவார்கள். ஓட்டை இருக்கிற இடத்தில் இழை எழும்பும், இல்லாத இடத்தில் எழும்பாது. ஒரு ஓட்டை தப்பினால் மயிலுக்குக் கண் போய்விடும். (போயிருக்கிறது. அந்தப் புடவையை அம்மாதான் கட்டிக்கொண்டிருக்கிறாள்.) நாள் முழுக்க ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, எதைப் பார்த்தாலும் அதற்குள் யாரோ ஒரு டிசைனை ஒளித்து வைத்திருப்பதாக எனக்குத் தோன்றும். அது வியாதி என்று அப்போது தெரியாது. திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் திறமையை உலகத்துக்குக் கொடுக்க ஒரு வீடியோ சேனல் வைத்திருந்தேன். பேய் விளையாட்டுகளை விளையாடி, கதையில் மறைந்திருக்கிற அர்த்தத்தை விளக்குவேன். சுவரில் இருக்கும் விரிசல் என்ன சொல்கிறது, பொம்மைக்கு ஏன் ஒரு கை இல்லை என்றெல்லாம் அடித்தொண்டையில் பேசுவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் பதிவு. பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்தில் பேயின் அலறல் எனக்கே சரியாகக் கேட்காது. நூற்றுப் பன்னிரண்டு பேர் பின்தொடர்ந்தார்கள். "அண்ணா வேற லெவல்" என்று வீடியோவுக்கு வீடியோ ஒருவர் எழுதுவார். (அது என்னுடைய இன்னொரு கணக்கு.)

இந்த நிலையில்தான் என் தங்கை பவித்ராவுக்கு முரளியோடு கல்யாணம் பேசினார்கள். பேசினார்கள் என்பது மரியாதைக்கு. செய்யாரில் இருவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை, கம்பெனி பஸ்ஸில் பழக்கம். முரளிக்குச் சொந்த ஊர் தேசூர், விவசாயக் குடும்பம். நாங்கள் தலைமுறையாகத் தறிக்காரர்கள். அப்பா ஒப்புக்கொள்ள இரண்டு வருஷம் பிடித்தது. ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு சாக்குக் கிடைத்தால் விலகிக்கொள்ளலாம் என்கிற முகத்தோடுதான் வளைய வந்தார். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் நெஞ்சு வலியில் போய்விட்டதாகச் சொல்லியிருந்தார்கள்.

நிச்சயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பவித்ரா என்னிடம் ஒரு லிங்கைக் கொடுத்தாள். முரளி ஓய்வு நேரத்தில் தானே ஒரு பேய் விளையாட்டு செய்திருக்கிறானாம். "உனக்கு புடிக்கும்ணா, வெளையாடிப் பாரு" என்றாள். அவளுடைய எண்ணம் வேறு. நாங்கள் இருவரும் சிநேகமாகிவிட்டால் வீட்டில் அவளுக்கு ஒரு ஆள் கிடைக்கும்.

விளையாட்டில் பேயே கிடையாது. மத்தியான வெயில், ஆளில்லாத வீடு, சமையலறையில் அடுப்பு எரிகிறது. கொடியில் ஈரப் புடவை சொட்டுகிறது. கடிகாரம் நான்கு பத்தில் நிற்கிறது. எங்கிருந்தோ ஒரு பெண்குரல் சாப்பிடக் கூப்பிடுகிறது. எந்த அறைக்குப் போனாலும் வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு நமக்கு முன்னால் வந்து கிடக்கிறது. விளையாடி முடித்ததும் எங்கள் வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். அதோடு விட்டிருந்தால் நான் மனிதன்.

ஆனால் அந்த வீடு முழுக்க ஜக்கார்டு அட்டைகள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. பவித்ரா எப்போதோ என் பட்டறையைப் படம் எடுத்து முரளிக்குக் காட்டியிருக்கிறாள், அவன் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறான். எல்லா அட்டைகளையும் பொறுக்கி, வரிசையாக அடுக்கி, ஓட்டைகளைக் கட்டத்தாளில் குறித்தேன். எழுத்துகள் படுத்த வாக்கில் வந்தன. தாளைத் திருப்பினேன். "அம்மா எரியில்" என்று இருந்தது.

எரி என்றால் தீ. பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. பையன் இலக்கியமாக எழுதியிருக்கிறான் என்று மெச்சிக்கொண்டேன். அதன் பிறகு எல்லாமே தானாக வந்து உட்கார்ந்தது. அடுப்பு, தீ. ஈரப் புடவை, தீயை அணைக்க யாரோ செய்த முயற்சி. செருப்பு, ஆவியின் வருகை. நான்கு பத்து, உயிர் பிரிந்த நேரம். நெஞ்சு வலி, பொய். அந்த வீட்டில் ஒரு பெண்ணை எரித்திருக்கிறார்கள். என் தங்கை அந்த வீட்டுக்குப் போகப் போகிறாள்.

எனக்கு நிஜமாகவே பயம் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். அவள் எனக்கு ஒரே தங்கை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பயந்தவன் அவளிடம் நேராகக் கேட்டிருக்கலாம். நான் வீடியோ தயாரித்தேன். பின்னணிக்கு நானே வாயால் ஊளையிட்டுப் பதிவு செய்தேன். சேனலில் போடவில்லை, அந்த அளவுக்கு அறிவு இருந்தது. நிச்சயத்தன்று காலையில் அம்மாவிடம் மட்டும் போட்டுக் காட்டினேன். அம்மா முழுசாகப் பார்த்துவிட்டுப் போய் வடைக்கு ஊறவைத்த பருப்பை அரைக்க ஆரம்பித்தாள். சரி, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தேசூரிலிருந்து வேனில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். முரளியின் அப்பா வெள்ளை வேட்டியில், பேச்சே இல்லாத மனிதர். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து, தட்டு மாற்றுவதற்காக இரண்டு பக்கமும் கை நீட்டிய நேரத்தில், அம்மா தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "ஒரு நிமிசம் அண்ணே, கோச்சிக்காதீங்க. என் புள்ள ஒண்ணு சொல்றான். அதுக்கு ஒரு பதில் சொல்லிட்டீங்கன்னா ஜல்தியா மாத்திக்கலாம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கூடமே என்னைப் பார்த்தது. அப்பா முகத்தில் நெடுநாள் கழித்து ஒரு வெளிச்சம்.

அப்போதுகூட ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். முப்பது பேர் ஒரே சமயத்தில் என்னைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. போனை டிவியில் இணைத்தேன்.

பதினான்கு நிமிடம் ஓடியது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. என் ஊளைச் சத்தம் வந்த இடத்தில் தேசூர்க்காரர் ஒருவர் வாசல் பக்கம் திரும்பி நாயைத் தேடினார். கடைசியில் "அம்மா எரியில்" என்ற எழுத்துகள் திரை முழுக்க நின்றன. சிவப்பு வண்ணம் வேறு கொடுத்திருந்தேன்.

முரளி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

"அது எரி இல்ல மச்சான், ஏரி" என்றான். "ஓரத்துல இருந்த வரிசைய நீங்க எடுத்துக்கலை."

இந்த இடத்தில் என் தொழில் ஞானத்தைச் சொல்லியாக வேண்டும். நிஜமான ஜக்கார்டு அட்டையின் ஓரத்தில் இருக்கும் ஓட்டைகள் டிசைனுக்கு உரியவை அல்ல, அட்டையை அட்டையோடு கோப்பதற்கு. டிசைன் படிக்கிற யாரும் அவற்றைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். பழக்க தோஷத்தில் நானும் சேர்க்கவில்லை. கோக்கிற ஓட்டை என்றால் எல்லா அட்டையிலும் இருக்க வேண்டும்; இங்கே நாலைந்து அட்டைகளில் மட்டும் இருந்தது. பாவம், தொழில் தெரியாத பையன், மற்றதில் மறந்துவிட்டான் என்று பெரிய மனது பண்ணி அவனை மன்னித்திருந்தேன். ஏ-வின் வால் அந்த ஓர வரிசையில்தான் இருந்தது. ர-வின் கால்கூட அங்கேதான் இருந்தது, ஆனால் கால் போனாலும் ரி என்பதை ரி என்றே படித்துவிடலாம். வால் போனால் ஏ, எ ஆகிவிடுகிறது. தெருவில் போகிற எவனும் எல்லா ஓட்டையையும் எண்ணிச் சரியாகப் படித்திருப்பான். தப்பாகப் படிக்க ஒரு தறிக்காரன் தேவைப்பட்டது.

"முரளி, வேணாம்" என்றார் அவன் அப்பா.

அம்மா மெதுவாகக் கேட்டாள். "நெஞ்சு வலின்னுதானே அண்ணே சொன்னீங்க?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மனைவி துணி துவைக்க ஏரிக்குப் போனாளாம், பாசி வழுக்கிவிட்டதாம். தண்ணீரில் போனவள் வீடு என்று தெரிந்தால் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று நெஞ்சு வலி என்று சொன்னாராம். தப்புதான் என்றார்.

"வழுக்கிச்சின்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றான் முரளி. "செருப்பு ரெண்டும் ஜோடியா கரையில இருந்துது."

"தண்ணில எறங்கறவ செருப்ப கழட்டி வெச்சிட்டுதாண்டா எறங்குவா."

"அதான்பா நானும் சொல்றேன்."

முரளியின் அப்பா எழுந்து மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வேனுக்குப் போனார். வந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்து பழத்தட்டுகளைத் தூக்கிக்கொண்டார்கள். முரளி கடைசியாகப் போனான். வாசலில் நின்று என்னிடம், அடுப்புக்கு அர்த்தம் ஒன்றும் இல்லை, சமையலறை என்றால் அடுப்பு வேண்டுமே என்று வைத்தது, கடிகார முள்ளை ஓட வைக்கத் தனக்குத் தெரியவில்லை என்று சொன்னான். என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. நான் கஷ்டப்பட்டு யோசித்திருக்கிறேனே என்கிற மரியாதையில் சொன்னான். அடித்திருந்தால் தேவலை.

பவித்ரா அழவில்லை. பட்டுப் புடவையைக்கூட மாற்றாமல் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "எனக்கு மொதல்லயே தெரியும்ணா. அவங்கப்பாவாண்ட வாய்விட்டு கேக்க முடியாததத்தான் அதுல வெச்சாரு. கல்யாணத்துக்கு அப்பறம் நாங்க ரெண்டு பேரும் பொறுமையா பேசலாம்னு இருந்தோம்" என்றாள். அதன் பிறகு ஏழு மாதம் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டும் என்றால்கூட அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம் சொல்லி, நான் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பேன்.

வீடியோவை அழித்தேன். சேனலையும் அழித்தேன். (நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. இன்னொரு கணக்கிலிருந்து நானாவது கேட்டிருக்கலாம்.) எட்டாவது மாதம் தேசூருக்குப் பஸ் ஏறினேன். பஸ் போகிற வழி நெடுக ஏரிகள். இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு எரி தோன்றியது, ஏரி தோன்றவில்லை.

முரளியின் அப்பா கிணற்றடியில் மோட்டாரைப் பிரித்துப் போட்டு வைத்திருந்தார். காலில் விழப் போனேன், கை முழுக்க கிரீஸ் என்று தள்ளி நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவராகவே பேசினார்.

"பத்து வருசம் ஒரே வூட்ல துன்னுகினு தூங்கிகினு இருந்தோம் தம்பி. அவன் மனசுல அந்த செருப்பு கெடக்குதுன்னு எனக்கு தெரியாது. வழுக்கிச்சா, அவளா எறங்கினாளான்னு எனக்கும் தெரியாது. நான் வழுக்கிச்சின்னு வெச்சிகினேன்."

மோட்டாரைத் துடைத்துக்கொண்டே, "உனக்கு இன்னா தோணுது? நீதான் அர்த்தம் சொல்றவனாச்சே" என்றார்.

கிண்டல் இல்லை. நிஜமாகத்தான் கேட்டார், எனக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்பது மாதிரி. ஒரு ஜோடிச் செருப்பு, ஒரு கரை. எந்தப் பக்கம் வைத்துப் படித்தாலும் இரண்டும் வந்தது. தெரியலைங்க என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. அவர் தலையாட்டிவிட்டு, மழை முடிந்ததும் நாள் பார்க்கலாம் என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னார்.

கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்கும் வேலையை அப்பா என்னிடம் கொடுத்தார். கூடத்தில் முரளியின் அப்பாவும் இருந்தார், இப்போது எனக்கு மாமா. "அவன்கிட்டயா குடுக்கற? வாலு எல்லாம் இருக்குதான்னு இன்னொரு தபா யாராவது பாருங்க" என்றார். அந்த மனிதர் விளையாட்டாகப் பேசி அன்றுதான் கேட்டோம். எல்லோரும் சிரித்தோம், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து மருந்துச் சீட்டோ, கரண்டு பில்லோ, நான் எதைக் கையில் எடுத்தாலும் "வாலு பாத்தியா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்டுக் கேட்டு அந்தச் சொல் இன்னொரு வேலைக்கும் வந்துவிட்டது. முரளி வீட்டில் ஏரி என்ற சொல் யார் வாயிலும் வராது. சொல்லியாக வேண்டிய இடத்தில் வாலு என்பார்கள். வாலுப் பக்கம் நிலம், வாலுக்கரை பஸ் என்று தேசூரில் இருக்கிற சித்தப்பா பெரியப்பாவெல்லாம் சகஜமாகச் சொல்கிறார்கள்.

போன மழைக்கு, பவித்ராவும் முரளியும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, மாமா போன் செய்தார். பவித்ரா ஸ்பீக்கரில் போட்டாள். "வாலு ரொம்பி வழியுதும்மா, உங்க அண்ணனாண்ட சொல்லு" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், முரளியும் சிரித்தான். போனில் பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. "உங்கப்பா கரையில நின்னுகினு பேசறாரு" என்றாள் பவித்ரா. முரளி போனை அவள் கையிலிருந்து வாங்கி, ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனான்.