பதினொரு பேரை விடக் கூடாதென்று கூடிய ஏழு பேர்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: தலைவராக உன் அத்தான், மருந்துக்கடைக்காரர், தையல்காரர், முடிதிருத்துபவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அவர் மனைவி, குறிப்பெழுத நான். ஆக ஏழு பேர். ஆண்டவன் துணையால் ஏழு பேரும் நலம். நீ சட்டசபையில் நல்லபடியாக இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். பயங்கரவாதிகள் என்ற சந்தேகத்தில் பிடித்து, ஒன்பது வருஷமாக வழக்கே நடத்தாமல் அடைத்திருக்கும் பதினொரு பேரை விட்டுவிடுவதா, எங்கள் ஊர்ச் சிறைக்கு மாற்றுவதா என்று வியாழக்கிழமை நீங்கள் வாக்களிக்கப் போகிறீர்கள். விடவும் கூடாது, இங்கே கொண்டுவரவும் கூடாது என்று நான்கு இருபதுக்குத் தீர்மானம் போட்டார்கள். "தப்பு பண்ணாதவனை எவனாவது உள்ள வைப்பானா?" என்று உன் அத்தான் மேசையைத் தட்டியதையும் எழுதிக்கொண்டேன்.

எழுந்து போனால் கதவு திறக்கவில்லை. அந்தப் பதினொரு பேருக்குப் பயந்து உன் அத்தான் போன வாரம் போட்ட புதுப் பூட்டு, உள்ளேயிருந்து திறக்கவும் சாவி வேண்டும், ஆணியில் மாட்டிய சாவியைக் காணோம், பின்கதவுக்கும் அதே சாவி, ரகசியக் கூட்டம் என்பதால் எல்லார் போனும் வாசலில் ஒரு கூடையில். ஜன்னல் வழியே தெருவில் போனவரைக் கூப்பிட்டால், "உள்ள வச்சிருக்காங்கன்னா ஏதாவது காரணம் இருக்கும்" என்று நடையைக் கட்டினார். "நான் என்னங்க தப்பு பண்ணேன்?" என்று மருந்துக்கடைக்காரர் அழாக்குறை. தையல்காரர் ஒல்லி, கதவுக்கு மேலே இருக்கும் சந்து வழியாக அவரை இறக்கிவிடலாம் என்று முடிதிருத்துபவர் சொன்னதற்குத் தலைமையாசிரியர், "இவரை விட்டா வெளிய போய் என்ன பண்ணுவார்னு யாருக்குத் தெரியும்? என் கால்சட்டையே ஆறு மாசமா வரல!" குறிப்பெழுதும் எனக்கு வாக்கில்லை, வாக்கெடுப்பில் மூன்றுக்கு மூன்று, உன் அத்தான் விசாரணைக் குழு அமைத்தார். "மூச்சு முட்டுது, சமையலறைக்காவது மாத்துங்க" என்றார் தலைமையாசிரியர் மனைவி. "எங்க வேணா மாத்துங்க, என் சமையலறைக்கு மட்டும் வேண்டாம்!" என்று கத்தியது நான்தான். அதுவும் குறிப்பில் இருக்கிறது.

ஆறு பத்துக்குக் கண்ணை மூடிப் பிரார்த்தித்தேன், சாவி கிடைத்தது. "ஒண்ணே முக்கா மணி நேரத்துக்கு மேல! நரகம்டி" என்றார் உன் அத்தான். ஒன்பது வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் என்று பெருக்கி அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைத் தேடப் போய்விட்டார்.

ஊர்த் தீர்மானத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பெரியவர்கள் சொல்படி நட. நாத்தனாரின் ஆசி உன் மனைவிக்கு.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: சாவி நாலேகாலிலிருந்து என் கணக்கு நோட்டுக்குள்தான் இருந்தது. ஆண்டவனிடம் சொல்லிவிட்டேன், உன் அத்தானிடம் சொல்லவில்லை. இத்துடன் வைத்திருப்பதாக மேலே எழுதிய தீர்மானத்தில் கடைசியில் யாரும் கையெழுத்துப் போடாததால் அதை வைக்கவில்லை. அடுத்த வாரம் நீ எங்கள் வீட்டுக்கு வருகிறாய். சாவி இப்போதும் என்னிடம்தான். எப்படி வாக்களிக்கப் போகிறாய் என்று புதன்கிழமைக்குள் பதில் எழுது.