ஊறுகாய் ஜாடியில் செம்பு

செய்கிற வேலையைப் பெண் வீட்டாருக்குச் செய்து காட்டத் துணிகிறவனுக்கு அந்த வேலையும் தெரியாது, பெண் வீட்டாரையும் தெரியாது. நான் இரண்டும் தெரியாதவனாக இருந்தேன்.

அப்போது நெய்வேலியில் அப்பாவின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். செல்வியை எனக்குப் பிடித்துவிட்டது. அவள் அப்பா, சேத்தியாத்தோப்பில் நெல் விவசாயம் செய்பவர், தம்பியோடு எங்கள் வீடு பார்க்க வந்தார். சம்பந்தம் பிடித்தால்தான் சாப்பிட்டுக் கை நனைப்பார்கள். அம்மா காலையிலிருந்தே வடை, பாயசம் என்று அடுப்படியில் கிடந்தாள். அப்பா பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

செல்வியின் சித்தப்பா உட்கார்ந்ததும், பர்மனென்டா கான்ட்ராக்டா என்று கேட்டார். (நெய்வேலியில் சாமியே வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.) தாதுக்கல் ஆய்வகத்தில் கான்ட்ராக்ட், செம்பு கலந்த கல்லிலிருந்து கழிவு மண்ணைப் பிரிக்கிற வேலை என்றேன்.

"மண்ணு பிரிக்க எதுக்குங்க படிப்பு?" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊராரிடம் பெருமையடிக்க ஆய்வகத்தில் கேட்டு வாங்கி வந்திருந்த கல்லையும் மருந்தையும் எடுத்தேன். பாத்திரத்துக்கு அம்மாவின் கண்ணாடி ஊறுகாய் ஜாடி, காற்றுக்கு மீன் தொட்டி மோட்டார். விஷயம் எளிது. பொடித்த கல்லைத் தண்ணீரில் கலந்து, மருந்து விட்டுக் காற்று ஊதினால், செம்பு நுரையைப் பிடித்துக்கொண்டு மேலே வரும், மண் அடியில் தங்கும். ஆனால் மாவு போன்ற மண்ணை முன்பே கழுவிக் கொட்டிவிட வேண்டும். அவசரத்தில் நான் கல்லை மிக்ஸியில் மைய அரைத்துவிட்டேன். (அந்த ஜார் அதன்பின் சமையலறைக்குத் திரும்பவில்லை.) கழுவவும் இல்லை.

மருந்து விழுந்ததும் அழுகிய முட்டை வாடை கிளம்பியது. சாக்கடை அடைத்துக்கொண்டதா என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். இப்போது செம்பு வரும் பாருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சேற்று நுரை பொங்கி, வழிந்து, சித்தப்பாவின் வெள்ளை வேட்டியில் இறங்கியது. செம்பு அடியில் நிம்மதியாகப் படுத்திருந்தது.

சித்தப்பா கிளம்ப எழுந்துவிட்டார். அம்மா கரண்டியோடு வாசற்படியில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்தது.

செல்வியின் அப்பா மட்டும் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் தம்பி இப்பிடி ஆச்சு?"

கல் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம், மோட்டார் மேல் பழி போட்டிருக்கலாம். உள்ளதைச் சொன்னேன்.

"கல்லு மேல தப்பில்லீங்க. நைஸ் மண்ணு செம்பு மேல போய் அப்பிக்கும், மருந்தையும் அதுவே குடிச்சிடும். மொதல்லயே கழுவியிருக்கணும். உங்ககிட்ட பெருமை காட்டுற அவசரத்துல கழுவலீங்க."

அவர் ஜாடியை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார். பிறகு தன் தம்பியிடம் திரும்பி, "ஒரு வேட்டிய வாங்கி மாத்திக்கினு வா, சாப்புடலாம்" என்றார்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து எத்தனையோ வருஷமாகிறது. மாமனாரும் இப்போது இல்லை. இருந்தவரை எந்தக் கல்யாணப் பந்தியிலும், சேற்றை மேலே கொண்டுவந்த மாப்பிள்ளை என்றுதான் என்னை அறிமுகம் செய்வார், அதுவும் பெருமையாக. அந்தக் குரலைக் கேட்க இன்னொரு வேட்டியைக்கூட நாசம் செய்யலாம் போலிருக்கிறது.

போன மாதம் எங்கள் மகள், ஒரு பையனைப் பிடித்திருப்பதாகச் சொன்னாள். நான் நெய்வேலி வழக்கப்படி, பர்மனென்டா என்று ஆரம்பித்தேன். செல்வி என்னை அடக்கிவிட்டு மகளிடம் சொன்னாள்:

"வூட்டுக்கு வரச் சொல்லு. ஏதாச்சும் செஞ்சு காட்டட்டும். சொதப்பிட்டு என்ன சொல்றான்னு பாக்கணும்."