சுத்தமான பட்டியல்

பிரிண்டர் கக்கிய கடதாசியைப் பார்த்ததும் சோமசேகரம் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். துறைமுகத்துக்குள் கோதுமை மா மூட்டை இறக்கப் போகிறவர்களின் பெயர்ப்பட்டியல் வந்திருக்க வேண்டும். வந்ததோ அடைப்புக்குறியும் சதவீதக் குறியும் இலக்கங்களும், தலையும் வாலும் இல்லாமல்.

"என்ன ஜமால்தீன் நானா இது?"

பியோன் ஜமால்தீன் எட்டிப் பார்த்தார். "லிஸ்ட் தானே சேர். சீலக் குத்தித் தாங்க, நேவிக் கேற்றில குடுத்திட்டு வாறன்."

சோமசேகரம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மட்டக்களப்புக் கிளையிலிருந்து மாற்றலாகி, திருகோணமலையில் இந்தக் கப்பல் முகவர் கந்தோருக்கு வந்தது நேற்றுத்தான். அங்கே அவருடைய பக்கத்து வீட்டுக்காரர், மனைவி புள்ளி வைத்துக் கீறிய கோலத்தைச் சட்டைப்பையில் மறந்துபோய், "இது எந்த முகாமின் வரைபடம்?" என்று சோதனைச்சாவடியில் பிடிக்கப்பட்டு இரண்டு நாள் உள்ளே இருந்தவர். கோலத்துக்கே அந்தக் கதி. இதற்குச் சீல் குத்திவிட்டு அவர் வீடு திரும்பின மாதிரித்தான்! அதைச் சோமசேகரத்தின் கையாலேயே குத்தவைக்க இந்த மனிதருக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

"நீங்கள் தேத்தண்ணியைப் போடுங்கோ. நான் பாக்கிறன்."

பிரிண்ட் பொத்தானைத் திரும்பவும் அமத்தினார். சத்தமில்லை. இன்னும் நாலைந்து தரம் அமத்தினார். எல்லாம் சேர்ந்து வந்தது, அதே கோலத்தில். பிரிண்டரை நிறுத்தினார். மூச்சு விட்டுவிட்டுப் போட்டார். விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

கொழும்புத் தலைமையகத்துக்கு அழைத்தார். கொம்பியூட்டர்ப் பொறுப்பாளர் ஞானசேகரம் பேசினார்.

"இடையில பூட்டியிருக்கிற சேர்வர் புதுசு, உங்கட கொம்பியூட்டரும் பிரிண்டரும் பழசு. அது சொல்றது இதுக்கு விளங்கேல்லப் போல. ஆனா சேர்வர் அனுப்பி மூண்டு மாசம், ஒரு முறைப்பாடும் வரேல்லையே. நீங்கள்தான் முதல் ஆள்."

முதல் ஆளா? அப்படியென்றால் இது தனக்கென்றே யாரோ செய்த வேலை.

"என்ன எழுத்து வருது? வாசியுங்கோ பாப்பம்."

வாசிப்பதா? டெலிபோனிலா? எத்தனை காது கேட்கிறதோ!

"வீட்டில எல்லாரும் சுகம்," என்றார் சோமசேகரம், உரத்து.

"ஐயா, எழுத்து..."

"பிள்ளையளும் சுகம்!"

ஞானசேகரம் பெருமூச்சு விட்டார். "சேர்வரை நிப்பாட்டித் திரும்பப் போட்டுப் பாருங்கோ."

போட்டார். காலையிலிருந்து அமத்தியதையெல்லாம் சேர்வர் ஞாபகம் வைத்திருந்தது. தட்டு நிரம்பி, மேசை நிரம்பி, கடதாசி நிலத்தில் வழிந்தது. தேத்தண்ணியோடு வந்த ஜமால்தீன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நீவி அடுக்கினார்.

"நல்லாத்தான் வந்திருக்கு சேர். இதில எதுக்கெண்டாலும் குத்துங்க."

ஆள் ஒற்றன்தான். சந்தேகமே இல்லை. சோமசேகரம் கடதாசிக் கட்டைப் பறித்துக்கொண்டு கக்கூசுக்கு ஓடினார். கிழித்து வாளியில் ஊறப்போட்டுவிட்டு, சேட்டெல்லாம் நனைய வெளியே வந்தார்.

வாசலில் லொறி ஹோன் அடித்தது. "சேர், இன்னும் பிந்தினா வேற ஆக்களை எடுத்திருவாங்கள்!" என்று மூட்டை இறக்கப் போகிறவர்களில் ஒருவர் கத்தினார்.

அப்போதுதான் அலுமாரிக்கு மேலே தூசி படிந்து கிடந்த, அதைவிடப் பழைய டொட் மெற்றிக்ஸ் பிரிண்டர் கண்ணில் பட்டது. இறக்கினார். சேர்வருக்குப் போன வயரைப் பிடுங்கி எறிந்தார். பழைய கொம்பியூட்டரையும் பழைய பிரிண்டரையும் நேராக இணைத்து அமத்தினார். அது கீச்சிட்டுக் கீச்சிட்டு அடித்தது. அருளம்பலம். பாக்கியரத்தினம். அபூதாஹிர். ஒரு எழுத்துப் பிசகவில்லை! அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜமால்தீனின் முகம்தான் மாறியது. "இது வேணாம் சேர். மற்றதையே குடுப்பம்."

பிடிபட்டுவிட்டான்!

"ஏன், இதில பேர் விளங்குறது உங்களுக்குக் கஷ்டமோ?" சோமசேகரம் சீலை ஓங்கிக் குத்தினார். "நானே கொண்டு போறன்."

லொறியில் முன்னால் ஏறிப் போனார். சோதனைச்சாவடியில் தலை நிமிர்ந்து நின்றது அவருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல்தரம். காவலுக்கு நின்ற நேவிக்காரன் பட்டியலைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். மறுபடியும் பட்டியலைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினான். ஓர் அதிகாரி பைலோடு வந்தார்.

"எல்லாப் பேரும் தெளிவா இருக்கு சேர்," என்றார் சோமசேகரம் பெருமையாக.

அதிகாரி பைலைத் திறந்தார். கட்டுக்கட்டாக அடைப்புக்குறி, சதவீதக் குறி, இலக்கம். ஒவ்வொன்றின் அடியிலும் கந்தோர்ச் சீல்.

"மூணு மாசமா ஒங்க ஆபீஸ் லிஸ்ட் இப்படித்தான் வருது," என்றார் அவர், துப்பாக்கிக்காரனுக்குக் கண் காட்டியபடி. "சொல்லு, இந்தக் கள்ள லிஸ்ட் ஒனக்கு யாரு அடிச்சுக் குடுத்தது?"