அழிக்காத முகவரி

திரையில் நாலாம் ரூம் காற்றாடியின் வேகம் பூஜ்யம் என்று காட்டியது. குணசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது.

பரமத்தி சாலையிலிருக்கும் அந்தக் குஞ்சுப் பொரிப்பகத்தில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அவன்தான் பொறுப்பு. நாலாம் ரூம் கதவருகே தொங்கிய சிலேட்டில், முட்டை ரூம்களைக் கவனிக்கும் சென்னம்மாள் கோணல் எழுத்தில் எழுதியிருந்தாள்: ‘நாலு. அறுபதாயிரம் முட்டை. பத்தொன்பதாம் நாள் செவ்வாய்.’

இன்று செவ்வாய். முட்டைக்குள் குஞ்சு மூச்சுவிடத் தொடங்கும் நாள். அரைமணி நேரம் காற்றாடி நின்றால் அறுபதாயிரமும் ஓட்டுக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

நேற்று அவன் லீவு. மேச்சேரியில் மச்சினன் மகள் காதுகுத்து. இன்று வந்ததும் வராததுமாகத்தான் இந்த வேலையில் இறங்கினான். சர்வரின் கெர்னலில், அதாவது மற்ற நிரல்களுக்கெல்லாம் அடியில் உட்கார்ந்து வேலை வாங்கும் நிரலில், ஒரு ஓட்டை. அணைத்துவிட்டுச் சரிசெய்யலாமென்றால் காற்றாடிகள் நின்றுவிடும். அதனால் ஓடும்போதே ஒட்டுப்போட வேண்டும். ஓடுகிற லாரிக்கு டயர் மாற்றுகிற வேலை. மாற்றியும் விட்டான். அதற்கப்புறம் பார்த்தால் இந்தப் பூஜ்யம்.

அந்த ஒட்டு நிரலை எழுதிக் கொடுத்த பிரவீனா சேலத்தில் இருந்தாள். போன் போட்டான்.

"காத்தாடி மாட்யூலை மட்டும் கழட்டிட்டு மறுபடி மாட்டுங்க சார். சரியாயிரும்."

காற்றாடியை ஓட்டும் அந்தச் சின்ன நிரலைக் கழற்றினான். மாட்டினான். கெர்னல் மாட்டேன் என்றது.

"இடம் காலியா இல்லைன்னு வருதுங்க!"

"அய்யோ. மாட்யூல் எங்க இருக்குங்கற முகவரியை ஒட்டு தனக்குள்ள எழுதி வெச்சிருக்கும் சார். மாட்யூல் வெளிய போறப்ப அதை அழிக்கணும். அழியல. இப்ப மாட்யூல் வேற இடத்துல வந்து உக்காருது. புது முகவரியை எழுதப் போனா பழசு அங்கயே நிக்குது. அதான் கெர்னல் கதவைச் சாத்திருச்சு."

"ஒரு இடத்தை உட்டுப் போறப்ப அழிச்சுட்டுப் போகோணும்னு ஒரு அறிவு வேண்டாமுங்களா? எவனுங்க எழுதுனது?"

"நான்தான் சார். ஒட்டையே எடுத்துருங்க."

ஒட்டு வரவில்லை. வலுக்கட்டாயமாக எடுக்கப் பார்த்ததில் மற்ற ரூம்களின் கணக்கும் திரையிலிருந்து மறைந்தது. காற்றாடிகள் பழைய வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. திரைதான் குருடாகிவிட்டது. சார்ஜ் தீர்ந்து போனும் செத்தது.

அதைச் சார்ஜரில் செருகிவிட்டு நிமிர்ந்தபோது கேட்டது.

கீச்.

முதுகுக்குப் பின்னால், சுவருக்குள்ளிருந்து. குணசீலன் திரும்பவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய ஆறாம் ரூம். பூஜைகூடப் போடாத ரூம்; இன்னும் கம்ப்யூட்டரில் சேர்க்கவும் இல்லை. முட்டையில்லாத இடத்தில் குஞ்சு எப்படிக் கத்தும்?

கீச். கீச். அப்புறம் பத்து. அப்புறம் எண்ண முடியவில்லை.

மணி பன்னிரண்டரை. உச்சிப்பொழுதில் நடமாடுபவை பற்றி அவன் அம்மா சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. நாலாம் ரூமுக்கு ஓடிக் கதவில் காதை வைத்தான். உள்ளே சுத்தமாகச் சத்தமில்லை. திறந்து பார்க்கவும் முடியாது. தலைக்குக் குளித்து உடுப்பு மாற்றாமல் உள்ளே போனால் முதலாளி வேலையை விட்டே அனுப்பிவிடுவார்.

அறுபதாயிரம் உயிர் இங்கே அடங்கி, அங்கே போய் அழுகிறது. வேறெப்படி நினைப்பது? அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சென்னம்மாளைக் கூப்பிட்டான். அவள் போன், குளியலறை வாசலில் இருந்த தகரப் பெட்டிக்குள் தனியாக அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரம். வராந்தாவில் ஆளில்லை.

முதலாளி ராசப்பனைக் கூப்பிட்டான். பின்னால் மேளச் சத்தம்.

"ஏம்ப்பா, கரிநாளும் அதுவுமா உன்னைய எவன் கம்ப்யூட்டர்ல கை வெக்கச் சொன்னது? நானே இன்னைக்கு ஒரு வேலையும் வெச்சுக்கல. எழவு வீட்டுல இருக்கறேன், வையி!"

காலண்டரைப் பார்த்தான். கரிநாள்தான்.

அப்போதுதான் எலக்ட்ரீசியன் ஜெயபிரகாஷ் தற்காலிகமாக மாட்டிவைத்த கைப்பிடி நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டரைக் கேட்காமல், ஒரு நேரத்தில் ஒரு ரூமுக்கு மட்டும் நேராகக் கரண்ட் கொடுக்கிற கைப்பிடி. மேலே தள்ளினால் நாலு, கீழே தள்ளினால் ஆறு. இப்போது கீழே இருந்தது.

"காலி ரூமுக்குக் கரண்ட் குடுத்துட்டுப் போயிருக்கறான் பாரு!" என்று திட்டிக்கொண்டே இரண்டு கையாலும் மேலே தள்ளினான்.

நாலாம் ரூம் காற்றாடி உறுமிக்கொண்டு கிளம்பியது.

சுவருக்குள் கீச்சொலி ஒருமுறை பெரிதாக எழுந்தது. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. அரைமணி நேரத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகி, கடைசியில் ஒன்றே ஒன்று கத்தி, அதுவும் நின்றது.

போன உயிரெல்லாம் திரும்பிவிட்டது. குணசீலன் சுவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். சுடச்சுட ஒரு டீ குடிக்க வேண்டும்போல் நிம்மதியாக இருந்தது.

ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சென்னம்மாள் வந்தாள். நாலாம் ரூம் உறுமலைக் கேட்டு நின்றாள். சிலேட்டைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வாங்கக்கா. சாகக் கெடந்த காத்தாடிய ஓட உட்டுட்டனுங்க" என்றான் குணசீலன் பெருமையாக.

சேலைத் தலைப்பால் சிலேட்டைத் துடைத்தபடியே அவள் சொன்னாள்: "அத நாந்தானுங்க சாமி அமத்துனேன். இன்னைக்குக் கரிநாளுன்னு மொதலாளி நேத்தே ஆறுக்குப் பூசை போட்டு, நாலுல இருந்த முட்டை அறுபதாயிரத்தையும் அங்க மாத்தச் சொல்லிட்டாருங்க."