பத்து மீனும் ஒரு கள்ளப் பயணியும்

காலையில் எண்ணியபோது ஒன்பது மீன்தான் இருந்தன.

அப்பாசாமி மூக்கைக் கண்ணாடியில் ஒட்டவைத்து மறுபடி எண்ணினார். சுண்டுவிரல் நீள நீல மீன்கள் ஒன்றன் பின்னால் ஒன்று ஒளிந்து விளையாடின. ஒன்பதேதான்.

"நேத்து சாயங்காலம் பத்து இருந்துச்சு," என்றார் மனைவியிடம்.

பூங்காவனம் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "என்னை ஏன் பார்க்கறீங்க? நான் கரேம்ல இருக்கேன்."

காவடி விரதத்துக்கு மொரிஷியஸில் அதுதான் பெயர். பத்து நாளைக்கு வீட்டில் மீன் இல்லை, கறி இல்லை, முட்டை இல்லை. உயிரோடு நீந்தும் மீன் உள்ளே வரலாமா என்று முதல் நாளே பெரிய விவாதம் நடந்திருந்தது. "சட்டிக்குள்ள போகாதவரைக்கும் அது விருந்தாளி" என்று பூங்காவனம்தான் தீர்ப்புச் சொன்னாள்.

தொட்டி, சர்க்கரை ஆலையின் தலைமை ரசாயனர் மெஸ்யே ஜாக்குடையது. ஜனவரியில் ஆலை ஓடாது. அவர் ரெயூனியனுக்குப் பத்து நாள் விடுமுறையில் கிளம்பும்போது, துளைகள் நிறைந்த ஒரு கடற்கல்லோடும் பத்து மீனோடும் அதைக் கொண்டுவந்து வைத்தார்.

"உள்ள இருக்கிறது எனக்கு உசிர், அப்பாசாமி. சாப்பாடு எதுவும் போட வேண்டாம். தண்ணியை மட்டும் ஆறிலேயே வெச்சுக்கோ. திரும்பி வந்ததும் உன் ஆய்வுக்கூட வேலையைப் பத்திப் பேசலாம்."

பதினோரு வருடமாகக் கரும்பு வண்டிகளின் எடையை எழுதிக்கொண்டிருந்த அப்பாசாமிக்கு, ஆய்வுக்கூடம் கனவில் வரும் இடம். அந்தக் கனவில் கண்ணாடிக் குழாய்கள் தாமாகவே பாடும்.

ஆறு என்பது பிரிக்ஸ் கணக்கு. கரும்புச் சாற்றில் மிதக்கவிட்டு இனிப்பை அளக்கும் கண்ணாடி மிதவை ஒன்று உண்டு. அதற்குச் சர்க்கரையும் தெரியாது, உப்பும் தெரியாது. தண்ணீர் அடர்த்தியாக இருந்தால் மேலே ஏறி நிற்கும், அவ்வளவுதான். கடல் நீரில் அது ஆறுக்குப் பக்கத்தில் நிற்கும்.

காணாமல் போன மீன் துள்ளி வெளியே விழுந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து, தொட்டியைப் பலகையால் இறுக மூடினார். மறுநாள் எட்டு மீன். எட்டும் வாயைப் பிளந்துகொண்டு மேலே தொங்கின. நீருக்கு மூச்சு அதன் மேற்பரப்பு வழியாகத்தான் வருகிறது. அதையல்லவா அடைத்துவிட்டோம் என்று உறைத்ததும் பலகையைப் பிடுங்கி எறிந்தார்.

வெயிலில் நீர் மட்டம் இறங்கியிருந்தது. ஓடிப்போய்க் கடலிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்து ஊற்றினார். மிதவை ஏழுக்கு ஏறியது.

"பூங்கா! ஆவியாப் போறப்ப தண்ணி மட்டும்தான் போகுது. உப்பு இங்கயே உக்காந்திருக்கு. நான் அதுக்கு மேல இன்னும் உப்பை ஊத்திட்டேன்!"

"ரசத்துல உப்பு அதிகமானா நான் வெந்நீர் ஊத்துவேன்," என்றாள் அவள்.

வெந்நீர் ஊற்றாமல் மழைநீர் ஊற்றினார். மிதவை ஆறுக்கு இறங்கியது. மூன்றாம் நாள் ஏழு மீன்.

"பசி. ஒண்ணையொண்ணு தின்னுதுங்க," என்றாள் பூங்காவனம்.

"மெஸ்யே சாப்பாடு வேண்டாம்னாரே?"

"பெரிய மனுஷங்களுக்கு மத்தவங்க பசி ஞாபகம் இருக்காது."

விரத வீட்டில் இறால் ஏது? வேகவைத்த பருப்பைத் தூவினார். மீன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. சாயங்காலம் தொட்டி மோர்ப்பானைபோல வெளுத்து நாறியது. பாதித் தண்ணீரை மாற்றியதில் பாதி ராத்திரி போயிற்று.

நான்காம் நாள் ஆறு. இப்போது அப்பாசாமியின் சந்தேகம் கல்லின் மேல் விழுந்தது. கடற்கல் வெறும் கல் அல்ல, ரயில் வண்டி. ஒவ்வொரு துளையிலும் டிக்கெட் இல்லாமல் ஏறிய பயணி ஒருவன் இருப்பான். முதலில் மயிர் முளைத்த ஒரு புழுவைப் பிடித்தார். அது அழுகலைத் தின்னும் துப்புரவாளி என்று தோன்றியதால் திரும்ப விட்டார். ஒரு நத்தையைப் பிடித்தார். அது கண்ணாடியின் பாசியை மட்டும் நக்கியது. அதற்கும் விடுதலை.

ஐந்தாம் நாள் ஐந்து மீன். மத்தியானம் தொட்டியின் எதிரே உட்கார்ந்து காவல் காத்தார். வெளியே கரும்புத் தோட்டம் கடல்போல அலையடித்தது. தொட்டியின் வெளிச்சம் சுவரில் நெளிந்து, வீடே மெல்ல நீருக்குள் இறங்குவதுபோலிருந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட மீன் ஒன்று அவரிடம் பிரிக்ஸ் எவ்வளவு என்று கேட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தார், குமிழிகள்தான் வந்தன.

டக்!

விழித்தார். கல்லின் இருட்டுத் துளையில் காம்பு வைத்த இரண்டு கண்கள், ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமுமாகச் சுழன்றுகொண்டிருந்தன.

"பூங்கா! திருடன் கிடைச்சுட்டான்!"

"எனக்கென்னமோ அழகாத்தான் இருக்கான்," என்றாள் எட்டிப்பார்த்து.

ஆறாம் நாள் மீன் நாலு. அப்பாசாமி கல்லைத் தூக்கி நல்ல தண்ணீர் வாளியில் அமிழ்த்தினார். கடல் உயிருக்கு நல்ல தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. மூச்சு முட்டி வெளியே ஓடிவரும். வந்தது. இறாலும் இல்லை, வெட்டுக்கிளியும் இல்லை. பச்சையும் சிவப்புமாக, கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல் ஓர் உருவம். பிடிக்கப் போனவரின் கட்டைவிரலில் சம்மட்டி அடி விழுந்தது.

"அய்யோ! நசுக்கிடுங்க!" என்று கத்தினாள் பூங்காவனம்.

"கரேம்ல உசிரைக் கொல்லலாமா?" என்று விரலைச் சூப்பிக்கொண்டே சொன்னார்.

கடல்நீர் நிரப்பிய பால் தகரத்தில் அதைப் போட்டு, கடற்கரைவரை நடந்து, முழங்கால் ஆழத்தில் இறங்கி விட்டார். அது ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நீலத்தில் கரைந்தது. அவருக்குக் கண் கலங்கிற்று. திருடனுக்கும் மன்னிப்பு, காவடிக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதன்பின் ஒரு மீனும் குறையவில்லை. மிதவை ஆறில் தூங்கியது. நாலு மீனும் பாதிரிபோல நிதானமாக நீந்தின. ஆறு மீன் போனதற்கு மெஸ்யே கோபப்படுவார்தான். ஆனால் யார் திருடன் என்று அறிவுபூர்வமாகக் கண்டுபிடித்தவனுக்கு ஆய்வுக்கூடத்தில் இடமில்லாமல் போகுமா?

விரதம் முடிந்த மறுநாள், மெஸ்யேயின் சமையல்காரி ஊகெட் தொட்டியை எடுத்துப்போக வந்தாள். குனிந்து கல்லின் துளைகளில் ஒவ்வொன்றாகக் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"அது எங்கே, மெஸ்யே அப்பாசாமி?"

"எது?"

"கண்ணை ரெண்டு பக்கமும் உருட்டுமே!"

"அந்தத் திருடனா?" அப்பாசாமி வீங்கிய கட்டைவிரலைப் பெருமையோடு உயர்த்திக் காட்டினார். "கடல்ல விட்டுட்டேன். இந்த நாலு பேரையாவது காப்பாத்திட்டேன்."

ஊகெட் மீன்களைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கரேம்ல இருக்கிறவங்ககிட்ட மீன் வெட்டிப் போடச் சொல்லக்கூடாதுன்னு சொல்லித்தானே மெஸ்யே, அதுக்குப் பத்து நாள் சாப்பாட்டையும் எண்ணி உசிரோட உள்ளே விட்டுட்டுப் போனார்!"