அமிர்தலிங்கம் அடுப்பைத் துறந்த நாற்பத்தெட்டு நாள்கள்

மனித குலம் செய்த முதல் தவறு நெருப்பைக் கண்டுபிடித்ததுதான் என்று அமிர்தலிங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கண்டுபிடித்தார். அப்போது அவர் ஆறாவது தோசையைத் தின்றுகொண்டிருந்தார்.

இதற்குக் காரணம் இரண்டு பேர். ஒருவர் தானா ராத்தா மலையூர் ஆஸ்பத்திரி டாக்டர் அம்மா. இரத்தத்தில் இனிப்பு நீர் ஏறிக்கிடக்கிறது, சர்க்கரை வியாதி, வாயைக் கட்டுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். இன்னொருவர் கைப்பேசிக் காணொளியில் நாற்பது நிமிடம் பேசிய ஒரு தாடிக்காரர். பல லட்சம் வருஷம் மனிதன் காயும் கனியும் கிழங்கும் பச்சையாகத் தின்றுதான் வளர்ந்தானாம். நெருப்பு நேற்று வந்ததாம். நம் குடலுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லையாம். டாக்டர் சொன்னபோது அமிர்தலிங்கத்துக்கு அவமானமாக இருந்தது. தாடிக்காரர் சொன்னபோது ஞானமாக இருந்தது.

"ரஞ்சிதம், இனிமே எனக்காக அடுப்பு பத்த வைக்காத."

"சரிங்க," என்றாள் மனைவி.

அமிர்தலிங்கம் ஏமாந்துபோனார். பதினோரு வாதங்களை அடுக்கி வைத்திருந்தார். ஒன்றையாவது சொல்ல வேண்டாமா.

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"ஏங்க?"

"நாமெல்லாம் குரங்குலேருந்து வந்தவங்க."

"உங்க வீட்டுப் பக்கம் அப்படித்தான்னு நீங்க பொண்ணு பாக்க வந்தப்பவே எங்கம்மா சொன்னாங்க."

"வெளையாடாதலா. குரங்குக்கு இனிப்பு நீர் வருதா?"

"வரல."

"ஏன் வரல?"

"ஒக்காந்த எடத்துல அது ஆறு தோசை திங்கல."

அமிர்தலிங்கம் தட்டை நகர்த்தி வைத்தார். தோசை தீர்ந்திருந்ததால் அது சுலபமாக இருந்தது.

"எத்தன நாளைக்குங்க இந்தப் பச்சை?"

"வாழ்நாள் பூரா."

"போன வருஷம் வாழ்நாள் பூரா நடக்கப்போறேன்னீங்க. வாங்குன சப்பாத்து இன்னும் பெட்டிக்குள்ளதான் இருக்கு." ரஞ்சிதம் சுவரில் தொங்கிய நாள்காட்டியை ஒரு பார்வை பார்த்தாள். "பேசாம அம்மன் கோயில்ல காப்பு கட்டிக்குங்க. நாப்பத்தெட்டு நாள். சாமிக்குப் பயந்தாவது நிப்பீங்க."

அவருக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவருடைய யோசனை ஒன்றுக்கு அவள் இவ்வளவு தூரம் துணைக்கு வந்ததில்லை. நாள்காட்டியை அவரும் ஒருமுறை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அமிர்தலிங்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எஸ்டேட் தேயிலை ஆலையில் அவர் மேற்பார்வையாளர். ஆனால் மேனேஜர் துரை முதல் கொழுந்து பறிக்கிறவர்கள் வரை அவரை அறிந்தது அதனால் அல்ல. எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில் ஐந்நூறு பேருக்கு அன்னதானம் நடக்கும். பதினேழு வருஷமாக அந்தச் சாம்பார் அவர் கையால்தான். அந்தக் கோயிலில் பெண்கள் காய் நறுக்குவார்கள், அரிசி களைவார்கள். அண்டாவும் துடுப்பு நீளக் கரண்டியும் ஆண்களுடையவை. எப்போதிலிருந்து அப்படி என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை. சாம்பாரின் சூட்சுமத்தை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. ரகசியம் கசிந்துவிடும் என்று வீட்டில் சமைப்பதுகூட இல்லை. ஒரு வருஷம் ரஞ்சிதம், "நானும் கொஞ்சம் கிண்டிப் பாக்குறேங்க" என்று கேட்டாள். "கை தாங்காதுலா" என்று சொல்லி வெங்காயம் உரிக்க அனுப்பிவைத்தார். அவள் அன்று மூன்று கூடை உரித்தாள்.

அந்தப் புதன்கிழமை கோயிலுக்குப் போகிற வழியில் அவள் இன்னொரு யோசனையும் சொன்னாள்.

"வெந்ததச் சாப்பிட மாட்டேன்னு மொட்டையா சொல்லாதீங்க. நெருப்புப் பட்டது எதுவும் என் நாக்குல படாதுன்னு சொல்லுங்க. கேக்க நல்லா இருக்கும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பூசாரி ராமையா மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்ட, அமிர்தலிங்கம் கோயிலே அதிரும்படி அதைச் சொன்னார். நாலைந்து பேர் கைகூட தட்டினார்கள்.

முதல் நாள் கேரட் இனித்தது. மூன்றாம் நாள் கேரட் கேரட்டாக இருந்தது. ஏழாம் நாள் கேரட்டைப் பார்த்ததுமே தாடை வலித்தது. ரஞ்சிதத்தைக் குறை சொல்ல முடியாது. திரிங்காப் தோட்டத்துக் கோஸும் தக்காளியும் லோரி ஏறும் முன்பே சொல்லி வாங்கிவந்தாள். பிரிஞ்சாங் இரவுச் சந்தையான பாசார் மாலாமில் பிஞ்சுச் சோளம் பொறுக்கினாள். வெள்ளரியைப் பூவாகச் செதுக்கி வைத்தாள். நாற்றமடிக்கும் பெத்தாய்க் கொட்டையை அவர் பச்சையாகத் தின்ற அன்று மட்டும் கூடத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

குளிர்தான் தாங்க முடியவில்லை. காலையில் பனி சன்னலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் வெள்ளரிக்காய் ஒரு தண்டனை.

"ரஞ்சிதம், பால் போடாம சூடா ஒரு தே ஓ குடு."

"தே ஓவா? நெருப்புங்க."

"தண்ணி கொதிச்சாத்தானே நெருப்பு? பச்சைத் தண்ணியில ஊறப் போடு. இலை இயற்கைதானே."

"இலையை வாட்டி, உருட்டி, அனல்ல காய வைக்கிறது யாரு?"

அது அவர்தான். அன்று வேலைக்குப் போகிற வழியில், ஆதிமனிதன் இதைத்தானே செய்திருப்பான் என்று செடியிலிருந்து இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். அந்தக் கசப்பு மத்தியானம் வரை போகவில்லை. நெருப்பைக் கண்டுபிடித்தவன் மேல் அன்றுதான் அவருக்கு முதன்முதலாகக் கொஞ்சம் மரியாதை வந்தது.

இரண்டாம் வாரத்திலிருந்து வீட்டில் சாம்பார் மணக்கத் தொடங்கியது. அவருக்காக அடுப்பு வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். ரஞ்சிதம் மனிதப் பிறவி, அவளுக்குப் பசிக்கும். ஆனால் ஒருத்திக்கு எதற்கு அவ்வளவு பெரிய சட்டி என்று கேட்டார்.

"பக்கத்து வீட்டுச் சிவலிங்கம் தம்பிக்கும் கொஞ்சம் குடுக்குறேன்."

அமிர்தலிங்கம் சட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முகர்வதற்குக் காப்பில் தடை இல்லை. பசித்தவனுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சு வருமா.

"என்ன பருப்பு, இப்படி முழிச்சிக்கிட்டு நிக்குது? இன்னும் குழையணும்."

"அப்படிங்களா?"

"புளியை இப்ப ஊத்தாத. காய் முக்கால் வேக்காடு ஆகட்டும்."

"அப்புறம்?"

"அப்புறம்தான் விஷயமே இருக்கு." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "சக்கரைப் பூசணியைத் தனியா வேக வெச்சு, மசிச்சு, கரைச்சு விடணும். எறக்குறப்ப வெந்தயத்தை வெறும் சட்டியில செவக்க வறுத்துப் பொடிச்சுத் தூவி உடனே மூடணும். மூடி தொறக்கக் கூடாது, கா மணி நேரம்."

"ஐந்நூறு பேருக்குன்னா எவ்வளவு வெந்தயம்?"

"ரெண்டு கைப்பிடி," என்றார் அமிர்தலிங்கம். எச்சிலை விழுங்கிக்கொண்டே சொன்னார். பதினேழு வருஷ ரகசியம் நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அப்போதுகூட அவருக்குத் தெரியவில்லை. பூசணி நன்றாக மசிந்ததா என்பதுதான் கவலையாக இருந்தது.

முப்பதாம் நாள் டாக்டர் அம்மா இரத்தம் பார்த்துவிட்டுச் சிரித்தார். இனிப்பு நீர் நன்றாக இறங்கியிருந்தது. ரஞ்சிதம் அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை பார்த்து, மடித்து, கைப்பையின் உள்ளறையில் வைத்தாள். வெளியே வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குளிர்காற்று என்றாள்.

நாற்பதாம் நாள் சிவலிங்கம் வந்தான். பக்கத்து வீட்டுக்காரன் மட்டுமல்ல, கோயில் கமிட்டித் தலைவரும் அவன்தான்.

"பசியாறிட்டீங்களா அண்ணே?"

"பசி ஆறாதுலா. சொல்லு."

"வர்ற வெள்ளிக்கிழமை திருவிழா. சாம்பாரு..."

"நான்தான். இதுல என்ன கேள்வி?"

"வெள்ளிக்கிழமை ஒங்களுக்கு நாப்பத்தஞ்சாம் நாளு."

"இருக்கட்டும். சாப்பிடத்தான் கூடாது. கிண்டலாம்."

"உப்பு பாக்கணுமேண்ணே. நாக்குல படாதுன்னு அம்மன் முன்னாடி சொன்னீங்க. நானும் கை தட்டுனேன்."

அமிர்தலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. மெதுவாகத் திரும்பி நாள்காட்டியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமையைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. மை பழசாக இருந்தது.

"சோறு வடிக்கிற கருப்பையா உப்பு பாக்கட்டும்," என்றார்.

"அவரு வாயில எந்நேரமும் வெத்தலை. சுண்ணாம்புக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியாதுண்ணே."

"அப்ப யாருதான் செய்யிறது?"

சிவலிங்கம் நெளிந்தான். "ஒரு மாசமா அண்ணி சாம்பாருதான் சாப்புடுறேன். அச்சு அசல் ஒங்க கை. கமிட்டியில எல்லாருக்கும் ஒரு டப்பா குடுத்துவிட்டாங்க. எல்லாரும் சரின்னுட்டாங்க."

ரஞ்சிதம் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

வெள்ளிக்கிழமை அந்த அண்டாவுக்கு முன்னால் அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். கரண்டியைக் கை தாங்கியது. ஆண்கள் வெங்காயம் உரித்தார்கள். அமிர்தலிங்கம் பந்தியின் கோடியில், இலையில் முளைகட்டிய பயறும் தேங்காய்ச் சில்லும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் கோபமாகத்தான் இருந்தது. பிறகு புகைக்கு நடுவில் அவள் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கி, தலையை ஆட்டிக்கொண்டதைப் பார்த்தார். அவருக்கும் உப்பு சரியாக இருந்தது என்றால் அப்படித்தான் தலை ஆடும். இத்தனை வருஷம் இவளை வெங்காயத்தோடு விட்டோமே என்று அவருக்குத் தொண்டை அடைத்தது. பயறுக்கும் அதில் கொஞ்சம் பங்கு இருந்தது.

பந்தி ஓய்ந்ததும் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரகசியத்தையும் எடுத்துக்கிட்ட. கரண்டியையும் எடுத்துக்கிட்ட."

"ரகசியத்த நான் கேக்கலையே. நீங்களா சொன்னீங்க."

"பசியில சொன்னது செல்லாது."

"ஐந்நூறு பேருக்குச் செல்லுபடி ஆயிருச்சு." அவர் மணிக்கட்டில் நழுவியிருந்த காப்பை நேராக்கிவிட்டாள். "ஒங்களுக்கு ஒரு டப்பா எடுத்து ஃபிரிட்ஜ்ல வெச்சிருக்கேன். இன்னும் மூணு நாள்தான்."

அமிர்தலிங்கம் கரைந்துபோனார். சண்டை போடுகிற எண்ணமெல்லாம் போய்விட்டது. இருந்தாலும் ஒன்றை மட்டும் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"போகட்டும். அடுத்த வருஷம் கரண்டி எனக்குத்தானே?"

"அடுத்த வருஷக் காப்புக்கு ஒங்க பேரைப் பூசாரிகிட்ட காலையிலயே எழுதிக் குடுத்துட்டேங்க," என்றாள் ரஞ்சிதம்.